நான் அசைக்காத தலை

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளைப் பழக்கிவிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பல வருஷம் காது குளிரக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் மறுத்ததில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அதையே வாழ்த்துப் பத்திரமாக அச்சடித்து, மாலை போட்டு, நின்று வாசித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்றார்கள். அடக்கமாவது மண்ணாவது! என்னிடம் முதன்முதலாகப் பழக வந்தவரை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நிமிர்ந்து பார்க்க முகம் இல்லாமல்தான் குனிந்திருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கிறிஸ்தவ சபை உபதேசியார் மகள். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்ற நினைப்பையே வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு என்னுடையது. எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் பேர். பொருட்பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி என்று அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்து என் வகுப்பைப் பார்ப்பார்கள். ஒரு பொருளைக் காட்டி, கேள்விமேல் கேள்வி கேட்டு, பிள்ளைகள் வாயிலிருந்தே பாடத்தை வரவழைப்பதுதான் பொருட்பாடம். உப்பு, குடை, பசு, பஞ்சு என்று எதை எடுத்தாலும் என் கேள்விக்கு நான் நினைத்த பதிலே வரும். “உன் பிள்ளைக மூச்சு விடுததுக்குக்கூட உன்கிட்டக் கேட்டுத்தான் விடும் போல” என்று கூட வேலை பார்த்த ஒருத்தி கேலி செய்தாள். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தலைக்கனம்.

அந்த வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், தலைவியாக இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால் அங்கே ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, ஒல்லியான உடம்பு, கையில் பழைய காய்ப்பு. பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இவர் உன் வகுப்பில் ஒரு வருஷம் இருப்பார். நீ கூட இருந்து பழக்கு” என்றார் மிஸ்ஸியம்மா.

அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். டிரெயினிங் முடித்தவருக்குக் கையில் கிடைப்பது பாதி சர்ட்டிபிகேட்தான். அனுபவப்பட்ட ஆசிரியை ஒருவருக்குக் கீழே ஒரு வருஷம் வகுப்பு நடத்திப் பழக வேண்டும். பிறகு இன்ஸ்பெக்டரம்மா வந்து ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார். திருப்தியானால் சர்ட்டிபிகேட்டின் பின்புறம் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

அன்று சாயங்காலமே அவர் தன் நிலைமையை என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். திசையன்விளைப் பக்கம் ஒரு சிற்றூர். கணவர் பனையிலிருந்து விழுந்து இறந்தபின் மிஷன் தயவில் டிரெயினிங் முடித்திருக்கிறார். கொழுந்தன் தன் மச்சினனுக்கு, கூட வந்திருந்த இந்த மகளைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மச்சினனுக்கு முப்பது தாண்டிவிட்டது. முதல் மனைவி செத்து ஆறு மாதம். ஊர்ச் சபைப் பாதிரியாரான ஐயர் நடுவில் விழுந்து ஒரு வருஷம் தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“அந்தக் கையெழுத்து விழுந்துட்டுன்னா எனக்கு இங்கன வேலை நெலச்சிரும்க்கா. பிள்ளையும் போர்டிங்கிலயே படிச்சு ஒரு டீச்சரா ஆயிருவா. விழலன்னா கொழுந்தன் வண்டியக் கட்டிக்கிட்டு வந்துருவாரு. உங்களத்தான் நம்பி வந்துருக்கேன்.”

அக்கா! அவருக்கு என்னைவிட ஏழு வயது கூட. உத்தியோகத்தில் நான் மூத்தவள் என்பதால் அக்கா என்றார். ஒரு வார்த்தை, “நான் உங்களுக்குச் சின்னவ, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது வெல்லமாக இருந்தது. அவர் என்னை நீங்கள் என்பார், நான் அவரை நீ என்பேன். வருஷம் முழுக்க அப்படித்தான். இப்போது எழுதும்போதுதான் அவர் என்று எழுத வருகிறது.

பழக்குவது என்றால் எனக்குத் தெரிந்தது திருத்துவது ஒன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும் வாரத்துக்கான பாடக்குறிப்பை எழுதிக்கொண்டு வர வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஆசிரியை கேட்கும் கேள்வி, வலது பக்கம் பிள்ளை சொல்லும் பதில். ஆமாம், பிள்ளை என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுவோம். இதை வெளியாள் கேட்டால் சிரிப்பான், நாங்கள் சிரித்ததில்லை. அவர் முதல் வாரம் உப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். உப்பளத்தில் வேலை செய்பவர்களின் காலைப் பற்றியெல்லாம் அதில் ஒரு கேள்வி இருந்தது. நான் சிவப்பு மையை எடுத்து ஒரு வரி விடாமல் அடித்துவிட்டு, பக்கத்தில் என் பாடத்தை எழுதினேன். பக்கம் முழுக்க ரத்தக் களறி மாதிரி இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குக்கா” என்றார்.

மறு வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை நோட்டை நீட்டினார். கோடு மட்டும் போட்டிருந்தது, மற்றபடி வெறும் பக்கம்.

“நீங்களே எழுதித் தந்துருங்கக்கா. நான் எழுதி நீங்க அடிச்சு, எதுக்கு ரெண்டு வேல? மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எங்கே! உச்சி குளிர்ந்துபோனேன். என்னைப் போலவே இன்னொருத்தியை வார்த்து எடுக்கிறேன் என்ற பூரிப்பில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினேன். அவருக்கு அபார ஞாபகசக்தி. ஒரு தடவை வாசித்தால் போதும், அப்படியே ஒப்பிப்பார். மாதா மாதம் மிஸ்ஸியம்மாவுக்கு அவரைப் பற்றி நான் எழுதித்தர வேண்டிய குறிப்பில், ‘பணிவு உண்டு. சொன்னதைச் செய்கிறாள்’ என்று எழுதினேன். ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல இதைவிட உயர்ந்த வார்த்தை இல்லை என்று நினைத்தேன்.

அவர் வகுப்பு நடத்தும்போது நான் ஜன்னலோரம், அவருக்கு நேரே கண்ணில் படும்படி நின்றுகொள்வேன். சரியாகச் சொன்னால் தலையசைப்பேன். தப்பினால் புருவத்தைத் தூக்குவேன். நாளடைவில் அவர் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்த ஆரம்பித்தார். ஒரு நாள் பசுப் பாடம். “பசு நமக்கு என்ன தருகிறது?” என்று கேட்டார். வலது பக்கத்தில் நான் எழுதியிருந்த பதில் பால். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து, “சாணி!” என்றது. வகுப்பே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பார்த்தேன். சாணி மெழுகுவது, வறட்டி தட்டுவது என்று அந்த இடத்தில் எவ்வளவு பேசியிருக்கலாம்! என் புருவம் மேலே போனது. அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “தப்பு, உட்காரு” என்றார். அந்த வாண்டு அப்புறம் வாரக்கணக்கில் கையைத் தூக்கவில்லை.

கார் நெல் நடவு சமயம், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். எழுதித் தர முடியவில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு, ஐயோ, வகுப்பு என்ன கதியாகிறதோ என்று ஒரே கவலை. கவலையா அது? நான் இல்லாமல் நடக்காது என்ற ஆசை. பதினோராம் நாள், கால் தள்ளாடத் தள்ளாடப் பள்ளிக்கூடம் போனேன்.

தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் அவர். எல்லார் கையிலும் பனையோலைக் கீற்று. “ஒன்னு மேல, ரெண்டு கீழ, மூனு மேல” என்று எண்ணிக்கொண்டே ஆளுக்கொரு கொட்டான் முடைந்துகொண்டிருந்தன. கொட்டான் என்பது கை அகலத்துச் சின்ன ஓலைப்பெட்டி. எத்தனை கீற்று போட்டோம், எத்தனை மீதி, இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை என்று அவர் கேட்க, அதுகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கூட்டலும் கழித்தலும் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டன. என் வகுப்பில் ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சின்னப் பெண். ஏழு மாதமாக என் வகுப்பில் வாயே திறக்காதவள். மக்கு என்று நானே பட்டம் கட்டிப் பின்வரிசையில் தள்ளியிருந்தேன். அவள் எழுந்து நின்று தன் கொட்டானைத் தூக்கிக் காட்டி, “டீச்சர், எனக்குப் பன்னெண்டு வந்துட்டு! இன்னும் ரெண்டு போட்டா பதினாலு!” என்று கத்தினாள்.

எனக்குப் பொறாமை. வேறு பேர் கிடையாது அதற்கு. காய்ச்சல் விட்ட உடம்பில் அது குப்பென்று ஏறியது. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டு ஆனந்தப்பட்டிருக்க வேண்டியவள், வாசலில் நின்றபடியே, “இது வகுப்பா, சந்தையா?” என்று கத்தினேன். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. ஓலையையெல்லாம் பொறுக்கச் சொல்லி போர்டிங் அடுப்பெரிக்க அனுப்பினேன். அந்தச் சின்னப் பெண் மட்டும் தன்னுடையதைப் பாவாடை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். பார்த்தும் விட்டுவிட்டேன், அதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

“தப்புத்தான்க்கா. நீங்க இல்லாம எனக்கு வேற ஒன்னும் தெரியல. எங்க ஊர்ல தெரிஞ்சத வச்சுச் சமாளிச்சேன்” என்றார் அவர்.

“இனிமே நான் எழுதித் தராத எதையும் வகுப்புல செய்யப்படாது. விளங்குதா? கையெழுத்து வேணுமா வேண்டாமா?”

“சரிக்கா.”

அன்று அவர் முகத்தைப் பார்த்து நான் அந்த வார்த்தையைச் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கையெழுத்து வேணுமா வேண்டாமா! அவருடைய உயிர் எதில் இருந்ததோ அதையே பிடித்துத் திருகினேன்.

இன்ஸ்பெக்டரம்மா வருவதற்குள் பசுப் பாடத்தைப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தோம். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழ வேண்டும் என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன். அவர் மகள் அந்த வாரம் முழுக்க உபவாசம் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்று காலை அவர் என் கையைப் பிடித்து, “எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா” என்றார். பண்ணினேன். உண்மையாகவே பண்ணினேன்.

இன்ஸ்பெக்டரம்மா வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழ் நன்றாகப் படித்தவர். நாற்காலியில் உட்கார்ந்து பசுப் பாடத்தைக் கேட்டார். ஒரு தவறும் இல்லை. தண்டவாளத்தில் வண்டி போகிற மாதிரி கேள்வியும் பதிலும் ஓடி முடிந்தன. அந்த அம்மாள் இந்த மாதிரி எத்தனை பசுவைப் பார்த்திருப்பாரோ! ஒன்றும் சொல்லாமல் எழுந்து பிள்ளைகள் வரிசையில் நடந்தார். பின்வரிசையில் அந்தச் சின்னப் பெண்ணிடம் போனதும் நின்றார். அவள் சிலேட்டுக் குச்சி போட்டு வைத்திருந்த கொட்டானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் குறித்து ஒரு பாடம் நடத்துங்கள், பார்க்கலாம்” என்று அவரிடம் நீட்டினார்.

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது. பிறந்ததிலிருந்து பழகிய ஓலை. அதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் காற்பங்குகூட எனக்கோ இன்ஸ்பெக்டரம்மாவுக்கோ தெரியாது. வாயைத் திறக்கப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நடத்தலாமா அக்கா என்று கண் கேட்டது. வாயால் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

நான் தலையசைத்திருந்தால் போதும். இவ்வளவு, இத்தனை தூரம், தாடை கீழே இறங்கி மேலே வர எவ்வளவு நேரமாகும்? அவர் நடத்தினால் இன்ஸ்பெக்டரம்மாவே மயங்கிப்போவார் என்று எனக்குத் தெரியும். அது என் பாடமாக இருக்காது என்பதும் தெரியும். பசுப் பாடத்துக்கு ஒன்றும் சொல்லாத அந்த அம்மாள் இதற்கு ஆஹா என்று சொல்லிவிடுவாரே என்று மனசு கணக்குப் போட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அதுதான் முக்கியமான காரியம் என்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாடத்தை ஆரம்பிக்கவே இல்லை. அந்தச் சின்னப் பெண் பொறுக்கமாட்டாமல், “ஒன்னு மேல, ரெண்டு கீழ...” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள். “ஷ்ஷ்” என்று அவரே அதை அடக்குவது எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை.

அப்புறம் நோட்டைக் கேட்டு வாங்கினார் இன்ஸ்பெக்டரம்மா. முதல் சில பக்கங்களைத் தவிர எல்லாம் என் கையெழுத்து. “இவைகளை எழுதினது யார்?” என்றார்.  எனக்கு முந்திக்கொண்டு அவர்தான் சொன்னார்: “நாந்தாம்மா அக்காகிட்ட எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அவுக மேல தப்பு இல்ல.”

வெளியே தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தி, “இவர் தாமாக ஒரு வகுப்பை நடத்துவாரா?” என்று கேட்டார். அந்தப் பத்து நாளைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது என்ன தெரியுமா? “சொல்லிக் கொடுத்தால் செய்வாள்.” அதில் ஒரு பொய்யும் இல்லை என்று மனசுக்குள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையெழுத்து விழவில்லை. இன்னும் ஒரு வருஷம் பழக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். போகும்போது மிஸ்ஸியம்மாவிடம், என் பாடக்குறிப்புகள் மிக நேர்த்தியானவை என்று பாராட்டிவிட்டுப் போனாராம்.

கொழுந்தனுக்கு இன்னொரு வருஷம் என்பதெல்லாம் செல்லாது. அவருக்கு ஆள் விட்டுச் சொல்லி, வண்டி வந்து சேர ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் மிஸ்ஸியம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்தேன். சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதியிருப்பார், ஏதாவது வழி பிறந்திருக்கும். மூன்றாம் நாள் துணிந்து பங்களா வராந்தாவரை போனேன். என்னைக் கண்டதும் அவரே எழுந்து வந்து, “நல்ல சமயத்தில் வந்தாய். அடுத்த வருஷம் உன்னிடம் இரண்டு பேரை விடப் போகிறேன். உன்னைப் போல் பழக்குகிறவர்கள் இல்லை” என்றார். நான் என்ன செய்தேன்? “சரிங்கம்மா” என்று திரும்பி வந்தேன்.

வண்டி வந்த அன்று அவர் சொல்லிக்கொள்ள வந்தார். அழவில்லை. “உங்க பேரக் கெடுத்துட்டேன்க்கா. எவ்வளவு பாடுபட்டு எழுதித் தந்தீக! எனக்குத்தான் தல இல்ல” என்றார். பின்னால் அவர் மகள் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

பிறகு என்னிடம் வந்தவர்களை நான் வேறு மாதிரி பழக்கினேன். சிவப்பு மையைத் தொடவில்லை. யார் நோட்டிலும் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், “நீங்க என்ன நெனைக்கீங்க?” என்று திருப்பிக் கேட்பேன். முக்கியமாக, அவர்கள் வகுப்பு நடத்தும்போது என் முகம் அவர்கள் கண்ணில் படாத மூலையாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அவர்களைவிட வயது குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் நீங்கள் என்றே பேசினேன். இதெல்லாம் என் முறை என்று பேராகி, வாழ்த்துப் பத்திரத்திலும் ஏறிவிட்டது. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை. கொடுத்தவர் திசையன்விளைப் பக்கம் பனைகளுக்கு நடுவில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பலர் என்னிடம், “இப்படியெல்லாம் எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அனுபவம் என்று சொல்லிச் சிரித்து மழுப்பியிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, தெற்கே கிராமத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மிஷனில் என்னை அனுப்பினார்கள். அவர் ஊர் வழியில்தான் இருந்தது. நானாகத் தேடிக்கொண்டு போனேன் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவல்ல. ஊருக்குள் நுழையாமல் போய்விடலாம் என்றுதான் வண்டிக்காரரிடம் சொன்னேன். பக்கத்து ஊர் உபதேசியார் விடவில்லை. “உங்ககிட்டப் படிச்ச அம்மா இங்கன இருக்காக. உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. பாக்காமப் போனா வருத்தப்படுவாக” என்று கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டார்.

அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “யாத்தே! அக்கா! என் வீட்டுக்கு வந்துருக்கீகளே!” என்று கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். தலை பாதி நரைத்திருந்தது. பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் “நீங்க எப்படி இருக்கீங்க?” என்றதற்கு, “என்னக்கா புதுசா நீங்க நாங்கன்னுட்டு, கூச்சமா இருக்கு” என்று சிரித்தார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து தூணோரம் நின்றாள். இருபத்தொன்று இருக்கும், பார்க்க முப்பது மாதிரி இருந்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று.

ஏதாவது பேச வேண்டுமே என்று அந்தப் பிள்ளையிடம், “என்ன படிக்கே?” என்று கேட்டேன். அது பாட்டியைப் பார்த்தது.

“படிக்கலக்கா. பள்ளிக்கூடம் மூனு மைலு. கொதிக்குத தேரி மணல்ல நடந்தா பிஞ்சுக் காலு பொத்துப்போவுது.”

“நீங்க வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுக்கலாமே?”

“நானா?” என்று அவர் பதறிப்போனார். அந்தப் பதற்றத்தை என் சாவுவரைக்கும் மறக்கமாட்டேன். “நல்லாச் சொன்னீக! நான் சொல்லிக்குடுத்துப் பிள்ளையக் கெடுத்துரக்கூடாதுல்லா. ஆசயாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அது வராதுன்னு பெரியவுகளே பாத்துச் சொன்ன பொறவு, அதுல கைய வைக்கலாமா? கொஞ்சம் கால் ஊனுனதும் உபதேசியார்கிட்ட அனுப்பணும்.”

கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமாக நான் ஒரு கையெழுத்தைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனியும் மறைத்தால் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். கோர்வையாக வரவில்லை, உளறிக் கொட்டினேன். “அந்தப் பத்து நாள் நீங்க நடத்துன மாதிரி நான் என் ஆயுசுலயே நடத்துனது கிடையாது. எனக்குப் பொறாம. அதான் ஓலைய எரிக்கச் சொன்னேன். அன்னைக்கு இன்ஸ்பெக்டரம்மா முன்னால நீங்க என்னப் பாத்தீங்க. நான் தலையசச்சா நீங்க ஜெயிச்சுருவீங்கன்னு தெரிஞ்சுதான் திரும்பிக்கிட்டேன். நீங்க தானா நடத்துவீங்களான்னு அவங்க கேட்டப்ப, மாட்டீங்கங்கிற மாதிரிச் சொன்னதும் நான்தான். உங்க தலையில ஒரு குறையும் இல்ல. என்ன மன்னிச்சிருங்க.”

 அவர் கண்ணில் நீர் முட்ட, முகம் முழுக்கச் சிரித்தார். என் கன்னத்தைத் தடவினார்.

“எவ்வளவு நல்ல மனசுக்கா உங்களுக்கு! என்னத் தேத்துததுக்காக உங்க மேலயே பழியப் போட்டுக்கிடுதீகளே. எனக்குத் தெரியாதா? நீங்க தலையாட்டிருந்தாலும் எனக்கு வந்துருக்காதுக்கா.”

“இல்ல, நான் சொல்லுதது சத்தியம்” என்றேன்.

“சரி சரி, அழாதீக. அடுப்புல பாகு அடிப்பிடிச்சிரும், இந்தா வந்துருதேன்” என்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். போகும்போது பேத்தியின் தலையைத் தட்டி, “இவுகதாம்ளா பாட்டிக்குச் சொல்லிக்குடுத்தவுக. கும்பிட்டுக்கோ” என்றார். பிள்ளை கையைக் கூப்பிவிட்டுப் பாட்டி பின்னால் ஓடியது.

வீட்டுக்குள் நானும் அவர் மகளும்தான்.  அவள் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“அம்ம நம்பமாட்டா டீச்சர்” என்றாள். “நான் நம்புதேன்.”